அலமாரி விழாது

அவளுக்கு 'அளவுக்காரி' என்று பேர் வைத்தது அவளுடைய அக்கா புருஷன்தான். அப்போது அது பாராட்டு. யார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் அவள் கண் நேரே மூலைகளுக்குத்தான் போகும். சுவர் எங்கே கோணல், தரை எந்தப் பக்கம் சரிவு, குழாய்க்குப் பின்னால் கை நுழையுமா நுழையாதா என்பதையெல்லாம் அளவு நாடாவைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். நாடா பிரிப்பது வீட்டுக்காரர்களின் மனத்திருப்திக்கு. "இவ கண்ணுக்குள்ளயே அங்குலம் ஓடுதுங்க," என்று மாமா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

மாமா தகரக் கொட்டகையில் கதவும் ஜன்னலும் செய்து விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சமையலறைகளை முழுசாக அமைத்துத் தரலாம் என்ற யோசனையே அவளுடையதுதான். அந்த யோசனையில் கொட்டகை கடையாயிற்று, கடை கண்ணாடி வைத்த ஷோரூம் ஆயிற்று. முன்பக்கம் தண்ணீர் வராத குழாய்களோடு மாதிரிச் சமையலறைகள். கல்லாவில் அக்கா; ரசீது போடுவதும் சாமான் வாங்குவதும் அக்காவின் பொறுப்பு. பின்னால், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் புறம், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் அளவுக்காரி.

புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டில் சமைப்பவரை, அடுப்பே இல்லாத வெற்று அறைக்குள் நிறுத்தி, "சமைக்கிற மாதிரி ஒரு தடவை நடந்து காட்டுங்க," என்பாள். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே இல்லாத பாத்திரத்தை எடுத்து, இல்லாத குழாயில் கழுவி, இல்லாத அடுப்பில் வைப்பார்கள். இடது கைக்காரரா, குனிந்தால் இடுப்பு பிடிக்குமா, பேசிக்கொண்டே திரும்பும் பழக்கம் உண்டா என்று இவள் பார்த்துக்கொள்வாள். அப்படிப் பார்த்து வரைந்த அறைகளில் யாரும் தலையை இடித்துக்கொண்டதில்லை.

கடையின் வண்ண விளம்பரப் புத்தகத்தில் அந்த அறைகள் எல்லாம் இருந்தன. அட்டையில் கைகளைக் கட்டிக்கொண்டு மாமா நின்றார். அவள் பெயர் எங்கும் இல்லை. கேட்கவும் இல்லை. குடும்பத்துக்குள் யார் பெயர் இருந்தால் என்ன என்று நினைத்திருந்தாள். ஏமாறுகிறவர்களுக்கு அந்த மாதிரி நினைப்பு எங்கிருந்தாவது வந்துவிடும்.

அங்கிருந்து அவளை வெளியே தள்ளியது ஓர் அலமாரி.

தனியாக இருந்த ஒரு பியானோ டீச்சரின் வீடு. சமையலறைச் சுவரை விரலால் தட்டியபோதே சத்தம் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது; உள்ளே பொள்ளலான கல். வரைபடத்தில் அந்தச் சுவரின் மேலேயே சிவப்பு எழுத்தில் எழுதினாள்: 'அலமாரியைப் பிடிக்க நீள ஆங்கர் போல்ட் மட்டும். வேறு எதுவும் தாங்காது.' வேலை முடிந்தது. டீச்சர் தன் தட்டுகளையும் கண்ணாடிக் கிண்ணங்களையும் அந்த அலமாரியில் அடுக்கினார். கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், டீச்சர் கீழே நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரிலிருந்து அலமாரி முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ள முடிந்தது. காலை இழுக்க முடியவில்லை. வலது பாதத்தில் எலும்புகள் நொறுங்கின. பியானோவின் அடியிலுள்ள மிதியை மிதிக்கும் பாதம்.

டீச்சரின் தம்பி ஷோரூமுக்கு வந்து கத்தியபோது கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், வேலையாட்கள் இருந்தார்கள். மாமா ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை.

"வரைஞ்சது என் மச்சினிச்சிங்க. சொந்தம்னு வச்சிருந்தேன். சுவத்தோட பலத்தைத் தப்பாக் கணக்குப் போட்டுட்டா. இனிமே அவ இங்க வேலை பார்க்க மாட்டா."

தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள். "மாமா, சிவப்பா எழுதிக் குடுத்தேனே."

"நீ பேசாம இரு."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கல்லாப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவ்வளவுதான் அக்கா செய்தது.

வரைபடம் கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் முன்னால் இனி அவளை யார் உட்கார விடப் போகிறார்கள்? வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். நாக்கு இருக்கிறதே, அதற்கு மட்டும் அளவு நாடா கிடையாது. மறுநாள் கூப்பிட்டபோது அழைப்பு போகவே இல்லை. அக்கா அவள் எண்ணை அடைத்துவிட்டாள்.

அடி விழுந்தால் அழுகிறவர்கள் உண்டு, மறந்துவிடுகிறவர்கள் உண்டு. இவள் இரண்டும் இல்லை. உலையை மூடி வைத்து அடியில் தணலை மட்டும் அணையாமல் பார்த்துக்கொள்கிற ஆள்.

தனியாகத் தொழில் செய்யலாம் என்று இறங்கினாள். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டாள். நன்றாகத்தான் பேசினார்கள், பேச்சின் கடைசியில், "அந்த அலமாரி விஷயம் நீங்கதானாமே?" என்று இழுத்தார்கள். ஒரு பல்பொருள் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர், அவள் யார் என்று தெரியாமலே, அவள் கதையை அவள் காதுபடப் பேசினார்கள். அந்தக் கதையில் டீச்சருக்குக் காலே போயிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் சிரிக்க மாட்டார். அவர்தான் முதலில் சொன்னார்.

"நம்ம வேன் பின்னாடி ஒரு பல் டாக்டர் படம் ஒட்டியிருக்கான். நான் அவர்கிட்ட போனதே கிடையாது. ஆனா பல்லு வலிச்சா அவர் மூஞ்சிதான் ஞாபகம் வருது. நீயும் ஒரு விளம்பரம் குடேன்."

"வேன்லயா?"

"போன்ல. எல்லாரும் அதுலதான் தேடுறாங்க."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இலவசமாகக் கிடைத்த வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எந்தச் சொல்லை ஒருவர் தேடினால் நம் விளம்பரம் மேலே வர வேண்டும் என்று நாமே சொல்லலாம். எந்த ஊர், எந்தத் தெருச் சுற்று, எந்த நேரம் என்றும் சொல்லலாம். "பார்க்கிறதுக்குக் காசில்ல. தொட்டாத்தான் காசு," என்று புருஷனுக்கு விளக்கினாள்.

"மியூசியத்துக்கு நேர் எதிர்," என்றார் அவர்.

முதல் விளம்பரத்தில் 'உங்கள் சமையலறையை எங்களிடம் விடுங்கள்' என்று எழுதினாள். அழைப்புகள் வந்தன. முதல் அழைப்பில் ஒரு பெரியவர், "மூணு வேளையும் வந்து சமைப்பீங்களா? எனக்கு உப்பு கம்மியா இருக்கணும்," என்றார். அடுத்தது ஒரு விடுதிக்காரர். ஐம்பது பேருக்குச் சமைக்க ஆள் வேண்டுமாம். கழுவுதொட்டி அடைத்துக்கொண்டது என்று ஒருத்தர் அழுதார். அவள் சேமிப்பில் ஒரு பகுதி இப்படியே கரைந்தது. புருஷன் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் கை வைத்தபடி, "உப்பு கம்மிதான்," என்று மட்டும் சொன்னார்.

அவள் விடவில்லை. மக்கள் எதைத் தட்டச்சு செய்து தன்னிடம் வந்தார்கள் என்று காட்டும் ஒரு பக்கம் உண்டென்று தெரிந்துகொண்டாள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டாத சொற்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். சமையல்காரர் வேண்டாம், சமையல் குறிப்பு வேண்டாம், அடைப்பு வேண்டாம். அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. அப்படிப் பொறுக்கிக்கொண்டு வந்தபோது ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

மாமா கடையின் பெயர்.

யாரோ மாமாவின் கடையைத் தேடியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரே தொழில் என்பதால் விளம்பர இயந்திரம் தானாகவே இவளையும் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறது. யாரோ அவர் வாசலுக்கு வந்து, அவர் கதவைத் தட்டும் முன், இவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த வரியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்ற எல்லாச் சொற்களையும் நிறுத்தினாள். தேடும் சொல் என்ற கட்டத்தில் மாமா கடையின் பெயரை ஓர் எழுத்து பிசகாமல் எழுதினாள். மக்கள் எப்படியெல்லாம் தப்பாக எழுதுவார்கள் என்று யோசித்து அவற்றையும் சேர்த்தாள். அவர் பெயரை விளம்பரத்துக்குள் எழுதத்தான் கூடாது. தேடுகிறவர்கள் முன்னால் போய் நிற்பதற்குத் தடையில்லை. தலைப்பாக இரண்டே சொல் போட்டாள்.

அலமாரி விழாது.

அதற்குக் கீழே: 'சுவரைத் தட்டிப் பார்த்த பிறகே வரைவோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நாங்களே பொறுப்பு.' அதைத் தொட்டால் திறக்கும் பக்கத்தில் அவள் படம், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது போல. படம் எடுத்த புருஷன், "கொஞ்சம் சிரியேன்," என்றார். "புத்தக அட்டையில அவர் சிரிச்சாரா?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் யார் மாமாவின் கடையைத் தேடினாலும், கடைக்கு மேலே, 'அலமாரி விழாது' என்று வந்தது. அந்த இரண்டு சொல்லுக்கு என்ன வலு என்று அவளுக்கே முதல் வாடிக்கையாளர் வந்த பிறகுதான் தெரிந்தது. மருந்துக் கடை வைத்திருந்த ஒரு தம்பதி. அவள் அவர்கள் வீட்டில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்.

"நாங்க வேற கடை நம்பரைத் தேடினோம். மேல நீங்க வந்தீங்க. விழாதுன்னு போட்டிருந்துச்சு. ஏன், அவங்களுது விழுமா?"

அளவுக்காரி நாடாவைச் சுருட்டினாள். பிறகு, "நான் சொல்லக்கூடாதுங்க. அங்கதான் வேலை பார்த்தேன்," என்றாள்.

ஒரு பொய்கூட இல்லை. அந்த அம்மா புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு ஷோரூமே ஆட்டம் கண்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அளவுக்காரிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மாடி வீடு கட்டிய கணக்காளர், இரட்டைக் குழந்தைகள் வைத்திருந்த நர்ஸ், புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள். வேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்தால் மாமா ஜெயித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு வேலை முடியும்போதும் அவள் மனதுக்குள் எண்ணியது தன் வரவை அல்ல, அவர் இழப்பை. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வேனில் ஏறிக்கொண்டு, ஷோரூம் இருக்கும் தெரு வழியாகப் போகச் சொல்வாள்.

"மெதுவாப் போங்க."

"பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும்."

கண்ணாடிக்குள் ஆள் இல்லாத மாதிரிச் சமையலறைகள் விளக்கு எரிய நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் புருஷன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உனக்கு வேலை வேணுமா, அவருக்கு வேலை போகணுமா?"

"ரெண்டும்."

"ஒண்ணுதான் கிடைக்கும்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது, வண்டியை எடுத்தார்.

மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. திடீரென்று விளம்பரத்தைத் தொடுகிறவர்கள் கூடினார்கள், கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். காலையில் கடைகள் திறக்கும் நேரத்தில் மளமளவென்று தொடுவார்கள், அவள் அன்றைக்குப் போட்ட தொகை கரைந்து, உச்சிப் பொழுதுக்குள் விளம்பரமே மறைந்துவிடும். எந்த வட்டாரத்திலிருந்து தொடுகிறார்கள் என்று பார்த்தாள். ஷோரூம் இருக்கும் தெருச் சுற்று. கோபம் வரும் என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது. கல்லாவுக்குப் பின்னால் அந்தப் பெரிய ஆள் போனை மடியில் வைத்துக்கொண்டு, வேலையாட்களையும் உட்கார வைத்து, 'அலமாரி விழாது', 'அலமாரி விழாது' என்று குத்திக்கொண்டிருப்பதை மனக்கண்ணில் பார்த்தாள்.

அன்றைக்கே அவர் போனும் வந்தது. அவளை வெளியே அனுப்பியதற்குப் பிறகு முதல் முறை.

"யார்கிட்ட விளையாடுறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுதே. காலையிலேர்ந்து என் படத்தைத் தொட்டுட்டு இருக்கீங்க."

"சோறு போட்ட இடத்துல மண்ணைப் போடுறே."

"சோறு நான் உழைச்சுச் சாப்பிட்டேன் மாமா. பழி மட்டும்தான் நீங்க போட்டது."

அவர் வைத்துவிட்டார். அவள் மேஜையில் உட்கார்ந்தாள். பொது விளம்பரத்திலிருந்து அந்தத் தெருச் சுற்றை விலக்கினாள். இனி அங்கிருந்து எவ்வளவு குத்தினாலும் அவளுக்குச் செலவில்லை. பிறகு அந்தச் சுற்றுக்கு மட்டும் தனியாக இன்னொரு விளம்பரம் போட்டாள். திரையில் விரிந்த ஊர் வரைபடத்தில் ஷோரூமின் மேல் குறியை ஊன்றி, போட விடுகிற அளவில் மிகச் சின்ன வட்டத்தை வரைந்தாள். வட்டத்துக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். வாடிக்கையாளருக்கென்று எழுதியதல்ல அது.

'நீள போல்ட் என்று எழுதிக் கொடுத்தேன். சின்ன போல்ட் மாட்டச் சொன்னது யார்?'

சின்ன போல்ட்தான் மாட்டினார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்ததில்லை. ஆனால் தன் கணக்குத் தப்பவில்லை என்றால் வேறு வழியே கிடையாது. மாமா காசை மிச்சம் பிடித்திருக்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வட்டத்துக்குள் இருக்கும் கடைக்காரர்களும் வேலையாட்களும் டீக்கடையில் நிற்கிறவர்களும் அந்தக் கேள்வியைப் படிக்கட்டும். அவர் முகத்தை அவர்கள் பார்க்கட்டும்.

படித்தவர்களில் அக்காவும் இருந்தாள்.

அவள் வந்தது ஒரு பகல் வேளையில். அளவுக்காரி கதவைத் திறந்தாள். அக்கா இளைத்திருந்தாள். உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"அதை எடுத்துடு."

"என் போனை எடுக்காதவ, நான் எழுதினதை மட்டும் படிச்சிருக்கே."

"தெருவே கேக்குது. தையல்கடைக்காரன் கேக்குறான். அவர் சாப்பிட மாட்டேங்கிறார். எடுத்துடு."

"யார்னு ஒருத்தர் பதில் சொல்லட்டும், எடுத்துடறேன். உன் புருஷனையே கேளேன்."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அவரை எதுக்குக் கேக்கணும். வாங்கினது நான்."

அளவுக்காரிக்கு முதலில் அது காதில் ஏறவில்லை.

"நீள போல்ட் அன்னிக்குக் கடையில இல்ல. சின்னது இருந்துச்சு, விலையும் கம்மி. போல்ட்ல என்ன இருக்கு, மேல மூடிதானே தெரியப்போகுதுன்னு அனுப்பிட்டேன். அவருக்கே அலமாரி விழுந்த அப்புறந்தான் தெரியும்."

"சிவப்புல எழுதியிருந்தேன். பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். நீ எல்லாத்தையும் சிவப்புலதான் எழுதுவே."

வெளியே யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"அவர் என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னார்," என்றாள் அக்கா.

"என்னைக் குடுத்து."

"ஆமா."

இத்தனை நாள் அவள் மாமாவுக்கென்று தீட்டி வைத்திருந்தது அத்தனையும் கையிலேயே நின்றது. வெட்ட வேண்டிய இடம் மாறிவிட்டது. கல்லாப் பெட்டியைத் திறந்து மூடிய அந்தக் கைகள்தான் அவளுக்குக் கண்ணில் வந்தன. பயந்துபோய் நின்றாள் என்று நினைத்திருந்தாளே, அது பயமில்லை. தெரிந்தே நின்றிருக்கிறாள். மாமா அந்நியர், அவர் செய்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கூடப் பிறந்தவள் செய்ததற்கு என்ன கணக்கு?

அக்கா அழுவாள், தானும் இளகிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அக்கா அழவில்லை. அதுவே இவள் கோபத்தைக் காப்பாற்றியது.

"செருப்பை மாட்டு," என்றாள்.

"எங்க?"

"டீச்சர் வீட்டுக்கு. என்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லு. அப்புறம் எடுக்கறதைப் பத்திப் பேசலாம்."

"அவர் என்னைக் கொன்னுடுவார்."

"அன்னிக்கு என்னைக் கொன்னப்போ நீ பார்த்துட்டுத்தானே இருந்தே."

அக்கா செருப்பை மாட்டினாள். இருவரும் ஒரே ஆட்டோவில் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து போனார்கள்.

டீச்சரே வந்து கதவைத் திறந்தார். கையில் ஊன்றுகோல். வலது கால் தரையை முழுசாகத் தொடவில்லை. கூடத்தில் பியானோ மூடியபடி இருந்தது. மூடியின் மேல் மடித்த துணிகள். யார் என்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது, ஆனாலும் உள்ளே விட்டார். சமையலறையில்தான் நாற்காலிகள் இருந்தன. அங்கே சுவரில் அலமாரி இருந்த இடத்தில் பெயர்ந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றும் விரலின் முதல் கணு அளவுகூட ஆழமில்லை. அளவுக்காரிக்கு நாடா தேவைப்படவில்லை.

அக்கா நின்றபடியே சொன்னாள். "இவ எழுதிக் குடுத்தது சரிதாங்க. தப்பான சாமானை அனுப்பினது நான். தெரிஞ்சும் இவ மேல போட்டது நாங்க ரெண்டு பேரும்." பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுவரில் சாயப் போனாள், அந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டாள்.

டீச்சர் வெகுநேரம் அக்காவைப் பார்த்தார். "சரி," என்றார். "நீங்க போகலாம்."

அக்கா போனாள். அளவுக்காரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதற்காகத்தானே எல்லாம். இப்போது டீச்சர் தன் பக்கம் திரும்பி ஏதாவது சொல்வார். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்பார்.

டீச்சர் திரும்பினார். "உன் மேல தப்பில்ல. புரியுது. ஆனா ஒரு தடவைகூட நீ வந்து என் காலைப் பார்க்கலியேம்மா. அது ஏன்?"

திட்டுவார்கள் என்று பயந்தது உண்மை, ஆனால் அதுவல்ல பதில். இத்தனை காலமும் மாமா எந்த நேரத்தில் கடை திறக்கிறார், எந்தத் தெருவிலிருந்து குத்துகிறார், எந்த வாடிக்கையாளர் நழுவினார் என்று அவளுக்கு அத்துப்படி. இந்தக் கால் எப்படி இருக்கிறது என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை. அலமாரி யார் மேல் விழுந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தன் மேல் விழுந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்," என்றாள் கடைசியில். "இந்தச் சுவத்தை நான் சரி பண்ணித் தரேன். எதுவும் வேண்டாம் எனக்கு."

"சுவத்துல இனிமே ஒண்ணும் மாட்டக் கூடாது. அண்ணாந்து பார்த்தாலே நடுங்குது."

"மாட்டல. எல்லாத்தையும் கீழேயே வச்சுக்கலாம். உங்களுக்குக் குனியக் கஷ்டம்னா உட்கார்ந்தே எடுக்கிற மாதிரி." அவள் எழுந்தாள். "சமைக்கிற மாதிரி ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?"

டீச்சர் ஊன்றுகோலோடு நடந்து காட்டினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வீட்டுக்கு இடுப்புக்கு மேலே எதுவுமே இல்லாத ஒரு சமையலறையை வரைந்தாள். வேலையாட்களோடு தானும் முழங்காலிட்டு உட்கார்ந்து மாட்டினாள். அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடவில்லை. போடலாமே என்று டீச்சரே சொன்னபோதும் போடவில்லை.

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. மாமா கடையின் பெயருக்குக் கீழே, வாடிக்கையாளர்கள் கருத்து எழுதுகிற இடத்தில், நடந்ததை அப்படியே எழுதினார். எந்த போல்ட் கேட்கப்பட்டது, எது மாட்டப்பட்டது, யார் மேல் பழி போடப்பட்டது, யார் வந்து ஒப்புக்கொண்டார் என்று. கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள். அளவுக்காரி வட்ட விளம்பரத்தை எடுத்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் ஊருக்கே தெரிந்துவிட்டது. 'அலமாரி விழாது' மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்வாள் என்று பார்த்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஜெயிச்சுட்டே," என்றார்.

"வாடிக்கையாளர் முன்னாடி சொன்னீங்களே மாமா, அதே மாதிரி நாலு பேர் முன்னாடி 'என் மச்சினிச்சி மேல தப்பில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இது எதுவுமே இல்ல."

"பொண்டாட்டியை எப்படிக் காட்டிக் குடுக்க முடியும்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. இருந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் கதவைத் திறந்து விடவில்லை. அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் எவ்வளவு கிழவராகிவிட்டார் என்று தோன்றியது. தோன்றட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

ஷோரூமின் கண்ணாடியில் வேறொரு பெயர் ஏறியது, டைல்ஸ் விற்கிறவருடையது. மாமா ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வைக்குப் போனார். அக்கா அவள் எண்ணைத் திறந்துவிட்டாள்; எப்போதாவது கூப்பிடுவாள். மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி, பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று பேசுவார்கள். போல்ட் பற்றிப் பேசுவதில்லை. பேசி முடித்ததும் இருவருமே யார் முதலில் வைப்பது என்று கொஞ்சம் தயங்குவார்கள்.

அளவுக்காரிக்கு இப்போது வேலைக்குப் பஞ்சமில்லை. வேறு சொற்களில் விளம்பரங்கள் ஓடின. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதும் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அவள் பழைய விளம்பரத்தைத் திறந்து பார்த்தபோது, மாமா கடையின் பெயருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. இந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் மிகக் குறைவு, ஆகவே விளம்பரம் காட்டப்படவில்லை என்று.

அதை உரக்கப் படித்தாள். புருஷன் வேன் சாவியைத் தேடிக்கொண்டிருந்தவர், நின்றார்.

இதற்குத்தான் அவள் காத்திருந்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முழு பலத்தோடு முட்டிக்கொண்டிருந்த கதவை யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டால் ஆள் ஒரு கணம் தடுமாறுவான் அல்லவா, அந்தத் தடுமாற்றமும் இருந்தது.

"செத்த பாம்பு. எடுத்துடேன்," என்றார் அவர்.

நீக்கு என்ற இடத்துக்கு அருகில் அவள் விரல் போயிற்று. கொஞ்சம் நின்றது. திரும்பி வந்தது.

"இருந்துட்டுப் போகட்டும். யாராவது தேடினா நான் தெரியணும்."

"யாரும் தேடலைன்னுதானே சொல்லுது?"

"அதான் சொல்றேன். இருந்துட்டுப் போகட்டும்."

அவர் சாவியை அவள் பையின் அடியிலிருந்து கண்டெடுத்தார். அவள் போனை மூடி நாடாவை எடுத்துக்கொண்டாள். நர்ஸ் அனுப்பிய யாரோ ஒருத்தர் வீட்டில், சரிந்த கூரைக்கு அடியில் சமையலறை வேண்டுமாம். வழியில் இறக்கிவிடச் சொல்லி வேனில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.